கௌரி வந்த செவ்வாய்க்கிழமையும் நான் போட்ட மாலையும்

தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பாய் விரிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் எழுதுகிறேன்.

பாயை எப்படி விரிப்பது, மணலை எங்கே கொட்டுவது, எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் கைவைக்க மாட்டேன். பயந்து போனால் என்ன நடக்கும் என்பது மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். வெளியே பகிடி விடுவேன். உள்ளே வயிறு கலங்கும். பகிடி கூடினால் வயிறும் கூடுதலாகக் கலங்குகிறது என்று அர்த்தம். கூட வேலை செய்தவர்கள் கடைசி வரை இதைக் கண்டுபிடிக்கவில்லை. "சேர் இருந்தா ஒரே கலகலப்பு" என்று பிரியாவிடையில் பேசினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு கேக் சாப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பண்டாரவளையில் எங்கள் அலுவலகம். அப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம் எனக்குக் கிடைத்தது, பெயர் வேண்டாம். அதன் மேல் பிரிவில் ஒரு பழைய பிள்ளைக் காம்பரா சும்மா கிடந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போகும் கட்டடம் அது. கீழே புதிதாக ஒன்று கட்டிய பிறகு இதில் ஆடுகள் குடியிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் ஏறிப்போய், ஆடுகளிடம் மன்னிப்புக் கேட்டு, புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பேன்.

எங்கள் பாய் பிள்ளை பார்க்கும் இடமல்ல. தாயோ தகப்பனோ கூடவே உட்கார்ந்து விளையாட வேண்டும். அதுதான் விதி. உண்மையில் குழந்தை ஒரு சாக்கு. மலைக்குப் போகும் பெண்ணுக்குப் பக்கத்து நிரையில் நிற்பவளோடு நாள் முழுக்கக் கதைக்கலாம். கதைக்க ஒருவருமில்லாமல் சின்னப் பிள்ளையோடு நான்கு சுவருக்குள் இருப்பவர்களுக்காகத்தான் அந்தப் பாய். வேறு தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்து இன்னும் வேலைக்குப் பெயர் பதியாத பெண்கள், புருஷன் கொழும்பில் கடையில் நிற்க இங்கே கைக்குழந்தையோடு இருப்பவர்கள், இப்படி ஒரு சிலர் வந்தார்கள். வந்து சுவரோரமாக உட்கார்ந்து, அடுத்தவள் முகத்தைப் பார்க்காமல் தன் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் நின்று யானையாகவும் குரங்காகவும் மாறி மாறிக் கூத்தடிப்பேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எனக்கு 'வெளையாட்டு சேர்' என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் முருகேசு. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவி கௌரி குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தாள். மகள் தர்ஷினி நடக்கத் தொடங்கும் முன்பே போனவள். முருகேசு வேலைக்குப் போகும் நேரத்தில் அவனுடைய அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பகலில் அக்கா மலைக்குப் போய்விட, தூக்கம் செத்த கண்களோடு இவன் பார்ப்பான். ஆம்பிளைகள் அவனைச் சும்மா விடவில்லை. "என்னா முருகேசு, பொம்பளைங்க கூட்டத்துக்குச் சீலை கட்டாமப் போற" என்று வழியில் கேட்பார்கள். பெண்களும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவன் எப்போதும் வாசற்படியிலேயே, பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்து, தலை தொங்கத் தொங்க விழித்துக்கொள்வான்.

இன்னொருவர் வசந்தி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர். அவர்களுடைய குவார்ட்டர்ஸ் மேட்டில் தனியாக நிற்கும். சண்டைக் காலம். ஊரில் தாய் தகப்பன் எப்படி இருக்கிறார்கள் என்பதே மாதக்கணக்கில் தெரியாது. கணவர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாலையில்தான் வருவார். மகன் கோபியோடு அவர் பேசும் பேச்சைத் தவிர அந்த வீட்டில் தென்மேற்குக் கச்சான் காற்று கூரைத் தகரத்தை உலுக்கும் சத்தம்தான். லயத்துப் பெண்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்பவர்களோடு என்னத்தைக் கதைப்பது?

முதல் நாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தபோது, இருந்தவர்கள் எல்லாரும் ஒரு முழம் தள்ளிக்கொண்டார்கள். நடுவில் வெறும் பாய். தர்ஷினிக்கு மட்டும் டிஸ்பென்சர், குவார்ட்டர்ஸ் என்ற பெரிய விஷயங்கள் எதுவும் தெரியாது. வெறும் பாயைத் தாண்டித் தவழ்ந்து போய் அந்த மடியில் ஏறி உட்கார்ந்தது. வசந்தி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிள்ளையின் முதுகில் கையை வைத்தார். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அந்த மடி தர்ஷினிக்கும் கோபிக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

தர்ஷினி ஓடித் திரியத் தொடங்கிய பிறகு ஒருநாள் முருகேசு வாசற்படியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தான். அவன் தானாக எழுந்ததே அதிசயம்.

"சேர், அவ குவைத்துலேர்ந்து லீவுல வர்றா. அப்புத்தளை கொமியுனிகேசன் கடைக்கு போன் பண்ணிச் சொன்னா."

"நல்ல விஷயம்தானே, முருகேசு."

"நல்ல விஷயந்தாங்க. ஆனா புள்ளைக்கு அவள யாருன்னே தெரியாதே. போன்ல சத்தம் கேட்டா ரிசீவரைத் தள்ளி விட்டுருது. வந்து நின்னு கூப்பிட்டு, இது போவலைன்னா... அவ தாங்க மாட்டா சேர். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும். தம்பிமாரே, தங்கைமாரே, இந்த வேலையில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் இல்லை. "கவலையை விடு, என்கிட்ட விடு" என்று அவன் தோளில் தட்டினேன்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் விழா வைப்போம். தண்ணீர்க் குழாய் போட்டால் விழா, கழிப்பறை கட்டினால் அதற்கும் மங்கள விளக்கு. நானும் விழா வைத்தேன். கௌரி முதன்முதலில் மகளைப் பார்ப்பது எங்கள் பிள்ளைக் காம்பராவில். ஆலாத்தி, வரவேற்புப் பாட்டு, தர்ஷினி தன் கையாலேயே தாய்க்குப் போடும் செவ்வந்தி மாலை. நினைக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. பிள்ளையைக் கூப்பிடாதே, அது வருமிடத்தில் நீ இரு என்று கொழும்பில் எனக்குச் சொல்லித் தந்த பாடமெல்லாம் அப்புத்தளை ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொண்டுவிட்டது.

விழா என்றால் ஒத்திகை வேண்டாமா? வசந்தியை ஒரு மணையில் உட்கார வைத்து, "இவங்கதான் அம்மா, தர்ஷினி. அம்மாவுக்கு மாலை போடு பாப்போம்" என்றேன். பிள்ளை நார் மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டது. எல்லாரும் கை தட்டினோம். அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடியது.

வசந்தி மாலையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "சேர், என்னை வைச்சுப் பழக்காதையுங்கோ. நான் நிண்டால் பிள்ளை என்னட்டைத்தான் வரும். வேற ஆரையாவது பிடியுங்கோ."

"அன்னைக்கு நீங்க பின்னால தேத்தண்ணிக் கேத்தல்கிட்ட ஒளிஞ்சுக்குங்கம்மா. நாடகத்துல ராஜாவா நடிச்சவன் மறுநாள் கடையில சாயத் தண்ணி ஊத்துறதில்லையா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. முருகேசு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய், இரவு பஸ்ஸில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெளிநாட்டுச் சேலை, வாசனை, நகை என்று நான் ஒரு ஆளை மனதில் கட்டி வைத்திருந்தேன். வந்தது பெலிஹுல்ஓயா தாண்டிய வளைவுகளிலெல்லாம் வாந்தி எடுத்து வெளிறிப்போன, ஆம்பிளை ஸ்வெட்டர் போட்ட ஒரு மெலிந்த பெண். வாசலில் நின்று, வரிசையாக நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எது தன்னுடையது என்று தேடுகிறாள் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

நான் கை காட்டினேன். பாட்டுத் தொடங்கியது. தர்ஷினி மாலையோடு நடந்து வந்தது. அதைக் கண்டதும் கௌரி முழங்காலிட்டு, கழுத்தைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளை அவளைத் தாண்டிப் போனது. நேரே கேத்தலடிக்குப் போய், கோப்பை கழுவிக்கொண்டு குந்தியிருந்த வசந்தியின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒத்திகையில் பழக்கியபடி எல்லாப் பிள்ளைகளும் கை தட்டின. நன்றாகத் தட்டின. கௌரி இன்னும் கழுத்தைக் குனிந்தபடியே இருந்தாள்.

இந்த இடத்தில் நிதானமுள்ள மனிதன் என்ன செய்வான்? ஒன்றும் செய்ய மாட்டான். நான் பாய்ந்து போய், வசந்தியின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, திரும்பி ஓடிவந்து, அதைக் கௌரியின் கழுத்தில் என் கையாலேயே போட்டேன். கல்யாணமாகாத வாலிபன், இன்னொருவன் மனைவிக்கு, ஊர் பார்க்க, ஆலாத்தித் தட்டு எரிய எரிய.

பிறகு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த பாக்கியம் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "என்னடி, சேரு அவசரத்துல தாலிய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டாரு போல."

காம்பராவே அதிர்ந்தது. சுவரோரப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. என் தொழில் வாழ்க்கையின் பெரிய வெற்றி என்று வேண்டுமானால் அறிக்கையில் எழுதியிருக்கலாம். வாசலில் முருகேசு தலையில் பெட்டியோடு நின்றான். கௌரி மட்டும் மாலையை மெதுவாகக் கழற்றிப் பாயில் வைத்தாள்.

"எனக்கு மாலை வேணாங்க" என்றாள்.

முருகேசு என்னைத் திட்டவில்லை. "பஸ்ஸில ஒண்ணும் சாப்பிடல சேர், அதான்" என்று எதையோ சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். கௌரி பின்னால் போனாள். தர்ஷினி அவன் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் வசந்தியை நோக்கி நீட்டிக் கத்திக்கொண்டே போனது. கத்தும் பிள்ளையின் முகத்துக்கு நேரே பின்னால் நடந்தவள் அதன் தாய்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வசந்தியும் வரவில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. "என்னா மாப்ள சேரு, பொண்ணு வீட்டுல கோவமா?" என்று பாக்கியம் கேட்டாள். பாயைச் சுருட்டிவிட்டு லயத்துக்குப் போனேன்.

கௌரி இஸ்தோப்பில், அதாவது முருகேசுவின் லய வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்திருந்தாள். உள்ளே முருகேசு தூங்கினான். அவன் காலடியில், சுவரைப் பார்த்தபடி, தர்ஷினி உட்கார்ந்திருந்தது. முன்னால் பிரிக்காத பொம்மைப் பெட்டி. எனக்கு ஒரு பலகை எடுத்துப் போட்டாள்.

"அன்னைக்கு நடந்தது..." என்று தொடங்கினேன்.

"அத வுடுங்க சேர். நீங்க என்னா பண்ணுவீங்க." ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அங்க நான் வேலை செய்யுற ஊட்டுல ஒரு பையன் இருக்கான். நான் போறப்ப கைப்புள்ள. என் கையில படுத்தாத்தான் தூங்குவான். நான் வர்ற அன்னைக்கு என் காலைக் கட்டிக்கிட்டு வுடல. பிச்சு எடுத்தாங்க. இங்க வந்தா இது செவுத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு."

"பழகிடும், கௌரி."

"எப்பங்க பழகும்? லீவு முடிஞ்சாப் போகணும். அதான் முன்னாடியே போயிரலாம்னு பாக்குறேன். ஏஜென்சிக்காரரு எப்ப வேணும்னாலும் வரச் சொல்லிட்டாரு. அந்தப் பையனாச்சும் என்னையத் தேடுவான்."

நான் எதையோ உளறினேன். கட்டாயம் செவ்வாய்க்கிழமை பிள்ளையோடு வரவேண்டும் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லவா? அந்த டிஸ்பென்சரு ஊட்டு அம்மா வராம இருந்தா நான் வர்றேன். அவங்க இருக்குற எடத்துல எம்புள்ள என்கிட்ட வராதுங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா என்னால அதப் பாத்துக்கிட்டு ஒக்கார முடியாது."

"சரி, நான் பேசுறேன்" என்றேன். பயந்தவனுக்கு எதற்கும் சரி என்றுதான் வரும்.

குவார்ட்டர்ஸ் மேட்டுக்கு ஏறும்போதே என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போனேன். வசந்தி பீரிசில் கோப்பை வைத்துத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது கோப்பையும் வந்தது.

"சேர், சொல்ல வந்ததைச் சொல்லாமல் எவ்வளவு தேத்தண்ணி குடிப்பியள்? என்னை வரவேண்டாம் எண்டு சொல்லவோ வந்தனீங்கள்?"

கோப்பையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

"நானும் அதைத்தான் யோசிச்சனான். இண்டைக்கும் அதுதான் வரேல்லை. அந்தப் பிள்ளையின்ரை தாய் பாவம். போய்ச் சொல்லுங்கோ, நான் வரமாட்டன் எண்டு." அவர் கோபியைப் பார்த்தார். அவன் மூலையில் தனியாக ஒரு டின்னைத் தட்டிக்கொண்டிருந்தான். "எனக்குப் பறவாயில்லை. இவனுக்குத்தான் சொல்லுறது கஷ்டம். செவ்வாய்க்கிழமை எண்டால் எழும்பின உடனை சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிப்பான்."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். பிரச்சினை தீர்ந்தது. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. பாதி வழியில் காற்று குடையை மேலே திருப்பிவிட்டது. அதைச் சரிப்படுத்தத் திரும்பி நின்றபோது மேட்டில் அந்த வீடு தெரிந்தது. கதவைச் சாத்தியாகிவிட்டது. சுற்றிலும் தேயிலை, கண்ணுக்கெட்டிய தூரம் இன்னொரு கூரை இல்லை. நான் யாருக்காகப் பாயைச் சுமந்துகொண்டு இத்தனை மேடு ஏறுகிறேனோ, அந்த ஆளிடம் போய்த்தான் இனிமேல் பாய்க்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்துவிட்டு.

திரும்பி ஏறினேன். கதவைத் தட்டினேன்.

"அம்மா, நான் சொன்னது பிழை. நீங்க வரணும்."

"அப்ப அந்தத் தாய்?"

"அவங்களும் வரணும்."

"எப்பிடி?"

"தெரியாது."

"தெரியாமலோ இந்த மேட்டைத் திரும்பி ஏறி வந்தனீங்கள்?"

"ஆமாம்மா."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "சேர், வாறதெண்டால் ஒரு கண்டிசன்" என்றார். "அண்டைக்கு நீங்கள் ஒண்டும் செய்யப்படாது. பாட்டில்லை, யானை இல்லை. பேசாமல் ஒரு இடத்திலை இருக்கோணும்."

மறுபடியும் லயத்துக்குப் போய், வசந்தியும் வருவார் என்று கௌரியிடம் சொன்னேன். "அப்ப நான் வரலைங்க" என்றாள். அவ்வளவுதான் கதை. ஒருவருக்கும் நல்லவனாக இல்லாமல் பஸ் ஏறினேன். இப்போது யோசித்தால், அந்த வேலையில் நான் யோசித்து எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. சரியாக வரும் என்று நினைத்து எடுத்ததல்ல. ஒருவரைச் சேர்க்க இன்னொருவரை வெளியே தள்ளுவதென்றால், நாளைக்கு மூன்றாவது ஆளுக்காக இவர்களில் ஒருவரைத் தள்ள வேண்டி வரும். அப்புறம் பாயில் நானும் ஆடுகளும்தான் மிஞ்சுவோம்.

செவ்வாய்க்கிழமை வசந்தி வந்தார். சுவரோரமாக இருந்தார். வெகு நேரம் கழித்து முருகேசு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "புள்ள ஊட்டுல கதவையே பாத்துக்கிட்டு இருக்கு சேர். என்னால முடியல" என்றான். அவனுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கௌரி. உள்ளே வரவில்லை. முருகேசு எப்போதும் உட்காரும் வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, அதே மாதிரி உட்கார்ந்தாள்.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த கஷ்டமான வேலை அது. ஒரு பாட்டு தொண்டை வரை வந்து வந்து போனது.

தர்ஷினி மணலில் சோறாக்கியது. சிரட்டையில் போட்டு வசந்தியிடம் கொண்டுவந்து நீட்டியது. வசந்தி சாப்பிட்டார். இன்னொரு சிரட்டை. அதையும் சாப்பிட்டார். மூன்றாவது வந்தபோது வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்குக் காணும் பிள்ளை. அங்கை ஒராள் இன்னும் சாப்பிடேல்லை" என்றார். கையைக்கூட நீட்டிக் காட்டவில்லை. கண்ணால்தான் வாசலைக் காட்டினார்.

பிள்ளை வாசலைப் பார்த்தது. சிரட்டையைப் பார்த்தது. பாதி தூரம் போய், சிரட்டையை நிலத்தில் வைத்துத் தள்ளிவிட்டு, ஓடிவந்து வசந்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. கௌரி கூப்பிடவில்லை. எட்டி அந்தச் சிரட்டையை எடுத்தாள். மணலை விரலால் பிசைந்தாள். வாய்க்கு நேரே கொண்டுபோய், மெல்லுவதுபோல வாயை அசைத்தாள். நீண்ட நேரம் மென்றாள்.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வசந்தியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பிடி மணலோடு பிள்ளை மறுபடி போனது. இந்தத் தடவை சிரட்டைக்குள்ளேயே போட்டுவிட்டு ஓடிவந்தது.

அவர்கள் போகும்போது கௌரி என்னிடம் சொன்னாள். "எனக்குன்னு யாராச்சும் சோறு போட்டுக் குடுத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா சேர்? அங்க எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தை நின்னுக்கிட்டே திம்பேன்."

அவள் முன்கூட்டியே போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வந்தாள். வாசற்படியிலிருந்து பாய் ஓரத்துக்கு வந்தாள். பாய் ஓரத்திலிருந்து ஒருநாள் வசந்திக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் முதலில் பிள்ளைகளிடம் மட்டும் பேசினார்கள். பிறகு குவைத்தில் அரிசி எப்படி, யாழ்ப்பாணத்தில் பனம்பழப் பனாட்டு எப்படி என்று ஒருவரோடொருவர் பேசினார்கள். தர்ஷினி ஒரு மடியிலிருந்து மற்ற மடிக்கு எந்த நாளில் மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டே இருந்தும் அது எனக்குத் தெரியாமல்தான் நடந்தது. பிள்ளை அம்மா என்று கூப்பிட்ட நாளில் ஒருவரும் கை தட்டவில்லை. பாக்கியம் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொகை வேற" என்றாள். அடுப்பு அன்று மூட்டவே இல்லை.

லீவு முடிந்தது. போகாமல் இருக்க முடியாதா என்று நான் கேட்கவில்லை. அது என் பாய்க்கு வெளியே உள்ள விஷயம். அதற்கு என்னிடம் விடையும் இல்லை.

புறப்படும் நாளில் ஹல்துமுல்லைச் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்காக நின்றோம். முருகேசு, பெட்டி, கௌரியின் இடுப்பில் தர்ஷினி. வசந்தியும் கோபியோடு இறங்கி வந்திருந்தார். பஸ் வந்ததும் பிள்ளைக்கு எப்படியோ விளங்கிவிட்டது. தாயின் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. முருகேசு ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. கௌரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அது அழுத அழுகை. சந்தியில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். கண்டக்டர்கூட அவசரப்படுத்தவில்லை.

குடையைத் தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு முன்னால் போய் வாத்து மாதிரி நடக்கத் தொடங்கினேன்.

கௌரி ஜன்னலிலிருந்து கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க சேர். சிரிக்க வைக்காதீங்க. அழுவட்டும்" என்றாள். "போன தடவை நான் போறப்ப தூங்கிக்கிட்டு இருந்திச்சு. வாசல்ல நின்னு நின்னு பாத்தேன். எழும்பவே இல்ல. இப்பப் பாருங்க, எனக்காக எப்பிடி அழுவுது."

நான் குடையை இறக்கினேன்.

பஸ் பெலிஹுல்ஓயா பக்கம் திரும்பி மறைந்தது. பழக்கத்தில் வசந்தி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். தர்ஷினி அந்தக் கையைத் தள்ளிவிட்டு, பஸ் போன வீதியைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதது. வசந்தி நீட்டிய கையை எடுத்துக் கோபியின் தலையில் வைத்துக்கொண்டார். முருகேசு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறினான். நாங்கள் பின்னால் ஏறினோம். அந்த அழுகை மட்டும் எங்களுக்கு முன்னால் தேயிலைக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.